ஒட்டியதா, பிணைந்ததா?

(கோவையில் உயிர்வேதியியல் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர்ச் சாயப்பட்டறை வேலையைக் கிட்டத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே பலர் இருப்பீர்கள். ரியாக்டிவ் சாயம் ஏற்றிய பனியன் துணியை யாரும் அப்படியே காயப்போடுவதில்லை. 90 டிகிரிக்கு மேல் சோப்புத் தண்ணீரில் அலசுகிறார்கள். நூலோடு வேதிப்பிணைப்பு கொண்ட சாயம் நிற்கும். தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, மேலே சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது கழன்று வரும். அலசாமல் நிறத்தை நம்பினால் முதல் துவைப்பிலேயே வெளுத்துவிடும்.

பால் ஜாமெக்னிக் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வு வாழ்க்கையை இந்த அலசலில் இருந்துதான் தொடங்க வேண்டும். 1912-இல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், செல் புரதம் கட்டுவதைச் செல்லுக்கு வெளியே, ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நடத்திக்காட்ட முனைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அணுக்களைத் தடம்பிடிக்க உதவும் கதிரியக்கக் கார்பன்-14 கிடைத்ததால் அது கைகூடியது.

எலியின் கல்லீரலைச் சுக்ரோஸ் கரைசலில் அரைக்க வேண்டும். உலக்கை குழாயை இறுக்கினால் செல்லின் உள்ளுறுப்புகள் சிதைந்து செயல் செத்துப்போகும். தளர்வான உலக்கையால் மெதுவாக அரைத்த பிறகுதான் கலவை ஒழுங்காக வேலை செய்தது. புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு விசையில் சுழற்றினால் புரதம் கட்டும் ரைபோசோம்கள் ஒட்டிய மைக்ரோசோம்கள் (செல்லின் உட்சவ்வுத் துண்டுகள்) அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை பி.எச். 5 அளவுக்குக் கொண்டுவந்தால், புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களைத் தூண்டும் நொதிகள் வீழ்படிவாகும். இரண்டையும் சேர்த்து, ஆற்றல் தரும் ஏ.டி.பி., ஜி.டி.பி., கதிரியக்க லியூசின் என்ற அமினோ அமிலம் இட்டு 37 டிகிரியில் வைக்கவேண்டும். ஏ.டி.பி.யைப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் கூடவே வைக்காவிட்டால், அது விரைவில் தீர்ந்து எல்லாம் நின்றுவிடும்.

இனிதான் அலசல். குளிர்ந்த டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தில் புரதமும் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்து படியும். தனி லியூசின் கரைசலோடு போய்விடும். பிறகு 5 சதவீத அமிலத்தில் 90 டிகிரியில் 15 நிமிடம். ஆர்.என்.ஏ. சிதைந்து கரையும், புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு அசையாது. அதன்பின் மிஞ்சும் கதிரியக்க எண்ணிக்கைதான் புரதம். கூடவே ஏ.டி.பி. இல்லாத ஒரு குழாய், நேரம் பூஜ்ஜியத்தில் நிறுத்திய ஒரு குழாய், இரண்டும் கட்டாயம். பூஜ்ஜியக் குழாயிலும் எண்ணிக்கை ஏறினால் உங்கள் அலசல் போதவில்லை என்று பொருள்.

இந்த வழக்கமான அலசலே அவருடைய மிகப்பெரிய கண்டுபிடிப்பைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆர்.என்.ஏ. உருவாகிறதா என்று பார்க்க அடையாளமிட்ட ஏ.டி.பி. சேர்த்தபோது, ஒப்பீட்டுக்கு லியூசின் இட்ட குழாயையும் வைத்தார். அந்தக் குழாயின் ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரித்தால், அதில் லியூசின்! அழுக்கு என்று தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. மிதமான காரத்தில் எளிதில் கழன்றது, அமிலத்தில் நிலைத்தது; எஸ்டர் பிணைப்பின் குணம் அது. அந்த லியூசின்-ஆர்.என்.ஏ.வை மைக்ரோசோம்களோடும் ஜி.டி.பி.யோடும் சேர்த்தபோது லியூசின் புரதத்துக்குள் இடம் மாறியது. மேலன் ஹோக்லண்ட், மேரி ஸ்டீபன்சன் முதலியோரோடு 1958-இல் வெளியிட்டார். அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் இதை இன்று நாம் கடத்து ஆர்.என்.ஏ. என்கிறோம். அதன் முனையில் சி.சி.ஏ. என்ற மூன்று எழுத்துகள்; கடைசி 'ஏ'யில்தான் அமினோ அமிலம் தொங்கும்.

இதை நீங்கள் கையால் செய்யப்போகிறவர்கள், அதனால் இரண்டு எச்சரிக்கைகள். கைவியர்வையில், ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ் நொதி உண்டு. ஆர்.என்.ஏஸ்-ஏ நான்கு டைசல்பைடு பாலங்களால் கட்டப்பட்டது; ஆட்டோகிளேவின் அழுத்த நீராவியில் விரிந்தாலும் ஆறியதும் மடிந்து மறுபடி வெட்டத் தொடங்கும். கண்ணாடியை 180 டிகிரியில் 8 மணி நேரம் சுடுங்கள். தண்ணீரை, ஆர்.என்.ஏஸைச் செயலிழக்கச் செய்யும் டி.இ.பி.சி. 0.1 சதவீதம் இட்டு வைத்துப் பிறகு ஆட்டோகிளேவ் செய்யுங்கள். டிரிஸ் பஃபரில் அதைப் போடாதீர்கள், டிரிஸே அதைத் தின்றுவிடும். அடுத்தது மக்னீசியம். குறைந்தால் ரைபோசோம் இரு துண்டாகப் பிரியும்; கூடினால் தவறாகப் படிக்கும். 1961-இல் நிரன்பெர்க், மத்தாய் இருவரும் 'யூ' என்ற ஒரே எழுத்து மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வை ஈ. கோலை பாக்டீரியாவின் சாற்றில் படிக்கவைத்தார்களே, தொடக்கக் குறியீடே இல்லாமல் அது ஓடியதற்கு அந்தக் குழாயில் இருந்த மிகுதியான மக்னீசியமும் காரணம்.

1978-இல் ஜாமெக்னிக்கும் ஸ்டீபன்சனும் 13 எழுத்து டி.என்.ஏ. துண்டு ஒன்றைக் கோழிக்கரு செல்களில் இட்டு, கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் ரூஸ் சார்கோமா வைரஸ் பெருகுவதைத் தடுத்தார்கள். வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கு எதிரிணையான வரிசை அது. மருந்தாவதற்குக் காலம் பிடித்தது, ஏனென்றால் உடலின் நொதிகள் இத்தகைய துண்டுகளைச் சீக்கிரம் வெட்டிவிடும். முதுகெலும்பு பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைத்தது பெரிய திருப்பம். தண்டுவடத் தசைச்சிதைவு நோய்க்கு இத்தகைய துண்டான நுசினெர்சென் மருந்து 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜாமெக்னிக் 2009-லேயே, 96 வயதில் மறைந்துவிட்டார். அந்த மருந்தின் 18 எழுத்துகளும் ஆர்.என்.ஏ.வோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை, ஹைட்ரஜன் இணைவால் ஒட்டத்தான் செய்கின்றன. 90 டிகிரி அலசலில் அது நிற்காது. 37 டிகிரி உடலுக்குள் நிற்கிறது.