ஒரே 66 ஆயிரம், மூணு வேற வேற சதவீதங்கள்: ஃபாஸ்டர் கேர் தத்தெடுப்பை எப்படி அளக்கிறாங்க?

[திரையில்: 66,000]

2018 அக்டோபர் 1-லேர்ந்து 2019 செப்டம்பர் 30 வரைக்கும் அமெரிக்காவுல ஃபாஸ்டர் கேர்ல, அதாவது பெத்தவங்க வீட்டுலேர்ந்து பிரிச்சுத் தற்காலிகமா வேற இடத்துல வளர்க்கிற ஏற்பாட்டுல, இருந்த சுமார் 66 ஆயிரம் குழந்தைகள் சட்டப்படி தத்துப் போனாங்க. இது நல்ல எண்ணா, மோசமான எண்ணா? அதைத் தனியா வச்சுப் பார்த்தா ஒண்ணும் சொல்ல முடியாது. எதால வகுக்கிறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

வகுத்துப் பார்ப்போம். அந்த வருஷம் தொடங்குறப்போ ஃபாஸ்டர் கேர்ல இருந்தவங்க 4 லட்சத்து 35 ஆயிரத்துக்கு மேல. அதால வகுத்தா 15 சதவீதம். அந்த வருஷத்துல ஃபாஸ்டர் கேரை விட்டு வெளியே போனவங்க சுமார் 2 லட்சத்து 49 ஆயிரம். அதால வகுத்தா 27 சதவீதம். தத்துக்காகக் காத்திருக்காங்கன்னு வருஷத் தொடக்கத்துல பதிவானவங்க சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம். அதால வகுத்தா 53 சதவீதம்.

[திரையில்: 15%, 27%, 53%]

மூணுமே சரியான கணக்கு. மூணையுமே "தத்தெடுப்பு விகிதம்"னு எழுதலாம், எழுதவும் செய்றாங்க.

ஒரு விஷயத்தை முதல்லயே தெளிவாக்கிடலாம். ஃபாஸ்டர் கேர்னா அநாதை இல்லம் இல்லை. வீட்டுல கொடுமையோ புறக்கணிப்போ நடக்குதுன்னு தெரிஞ்சா, கோர்ட் உத்தரவோட குழந்தையை எடுத்து, உரிமம் வாங்கின இன்னொரு குடும்பத்துலயோ சொந்தக்காரங்க கிட்டயோதான் அதிகமா விடுறாங்க. பெரும்பாலும் முதல் குறிக்கோள், பெத்தவங்க வீடு சரியானதும் குழந்தையைத் திருப்பி அனுப்புறது. வெளியே போற குழந்தைகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் அப்படித்தான் வீட்டுக்குப் போறாங்க. அதனால 15 சதவீதம்ங்கிறதைப் பார்த்துட்டு "மீதி 85 சதவீதம் பேரை யாரும் ஏத்துக்கலை"ன்னு தலைப்புப் போட்டா அது தப்பு. அந்த 85-ல பல பேருக்குத் தத்து தேவையே இல்லை.

சரி, அரசாங்கம் எதை அளந்துச்சு? 1996-ல அதிபர் கிளின்டன் ஒரு இலக்கு வச்சார்: வருஷத்துக்குச் சுமார் 27 ஆயிரமா இருக்கிற தத்தெடுப்பு, 2002-க்குள்ள 54 ஆயிரம் ஆகணும். அடுத்த வருஷமே ஒரு சட்டம் வந்துச்சு. கடைசி 22 மாசத்துல 15 மாசம் ஒரு குழந்தை ஃபாஸ்டர் கேர்ல இருந்தா, சில விதிவிலக்குகளைத் தவிர, பெற்றோர் உரிமையை ரத்து செய்யச் சொல்லி மாநிலம் மனு போட்டாகணும். அதோட, பழைய எண்ணிக்கையைத் தாண்டுற ஒவ்வொரு தத்துக்கும் மாநிலத்துக்கு 4,000 டாலர் ஊக்கத்தொகை. சிறப்புத் தேவை உள்ள குழந்தைன்னா கூடுதலா 2,000.

அங்க அளந்தது வெறும் எண்ணிக்கை. அது எங்க இடிச்சுதுன்னு பாருங்க. 2000-ல தத்துப் போனவங்க சுமார் 51 ஆயிரம். 2012-ல சுமார் 52 ஆயிரம். பன்னிரண்டு வருஷமா ஒண்ணுமே நகராத மாதிரி தெரியுதா? ஆனா 1999 கடைசியில ஃபாஸ்டர் கேர்ல இருந்தவங்க 5 லட்சத்து 67 ஆயிரம். 2011-ல அது சுமார் 4 லட்சமா குறைஞ்சிருச்சு. ஆக, விகிதம் 9 சதவீதத்துலேர்ந்து 13 சதவீதத்துக்கு ஏறியிருக்கு. குழந்தைகளை வீட்டை விட்டுப் பிரிக்காம குடும்பங்களுக்கு உதவின மாநிலத்துல தத்துக்குப் போற ஆளே குறைஞ்சாங்க. அதனால ஊக்கத்தொகையும் குறைஞ்சுது. நல்லது செஞ்சவனுக்கே அபராதம்.

2014-ல சட்டத்தை மாத்தி, எண்ணிக்கைக்குப் பதிலா விகிதம்னு கொண்டு வந்தாங்க. அந்த வருஷத் தத்துகளை, முந்தின வருஷம் கடைசி நாள்ல ஃபாஸ்டர் கேர்ல இருந்தவங்களால வகுக்கணும். நாம முதல்ல பார்த்த 15 சதவீதக் கணக்கு இதுதான். 9 முதல் 13 வயசு வரைக்கும் 7,500 டாலர், 14-ம் அதுக்கு மேலயும்னா 10,000 டாலர்னு தொகையும் வயசோட ஏறுச்சு. பெரிய பிள்ளைகளுக்குக் குடும்பம் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இந்த விலைப்பட்டியலே சொல்லிடுது.

[திரையில்: 32% விதி]

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச உதாரணம், "பிடிச்ச"ன்னு சொல்லக் கூடாதுதான், 2001-ல மத்திய அரசு மாநிலங்களை மதிப்பிட ஆரம்பிச்சப்போ வச்ச ஒரு அளவுகோல். தத்துப் போன குழந்தைகள்ல 32 சதவீதம் பேராவது, வீட்டை விட்டுப் பிரிஞ்ச 24 மாசத்துக்குள்ள தத்துப் போயிருக்கணும். கேட்க நியாயமா இருக்கு, இல்லையா?

ஒரு மாநிலத்துல 100 தத்துகள் நடந்துச்சுன்னு வைங்க. அதுல 33 பேர் 24 மாசத்துக்குள்ள போனவங்க. 33 சதவீதம், பாஸ். இப்போ அங்க இருக்கிற ஊழியர்கள் ரொம்ப மெனக்கெட்டு, அஞ்சு ஆறு வருஷமா காத்திருந்த 20 பிள்ளைகளுக்கும் குடும்பம் கண்டுபிடிச்சுட்டாங்க. மொத்தத் தத்து 120 ஆச்சு. சீக்கிரம் போனவங்க அதே 33 பேர்தான். 33-ஐ 120-ஆல வகுத்தா 27.5 சதவீதம். ஃபெயில்!

கூடுதலா இருபது பிள்ளைகளுக்கு வீடு கிடைச்சுது, மதிப்பெண் இறங்கிருச்சு. காரணம், அந்த அளவுகோல் வெளியே போனவங்களை மட்டும்தான் பார்க்குது. உள்ளேயே மாட்டிக்கிட்டவங்க கணக்குலயே வரமாட்டாங்க. 2004-லேயே மார்க் கோர்ட்னி, பார்பரா நீடெல், ஃப்ரெட் வுல்சின்ங்கிற மூணு ஆய்வாளர்கள், இப்படி அளவுகோல் வச்சு மாநிலங்களைக் கேள்வி கேட்கப் போய் எதிர்பாராத விளைவு வருதுன்னு கட்டுரை எழுதினாங்க. 2015-ல தொடங்கின மூணாவது சுற்று மதிப்பீட்டுல இந்த அளவுகோல் போயிருச்சு. அதுக்குப் பதிலா வந்ததுல வீடு திரும்புறது, தத்து, சொந்தக்காரர் பாதுகாப்பு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துட்டாங்க. தத்தை மட்டும் பிரிச்சுப் பார்க்கணும்னா நாமதான் தோண்டணும்.

அப்போ கணக்கு வருஷத்தோட கடைசி நாளான செப்டம்பர் 30 அன்னைக்கு உள்ளே இருக்கிறவங்களை எடுத்தா? அதுவும் வேற பக்கம் சாயும். மார்ச்ல வந்து ஏப்ரல்ல வீடு திரும்பின குழந்தை அந்தப் பட்டியல்ல இருக்கவே இருக்காது. அஞ்சு வருஷம் இருக்கிற குழந்தை அஞ்சு செப்டம்பர்லயும் வரும். ஆக அந்த ஒரு நாள் படத்துல நீண்ட நாள் தங்கினவங்களே கூட்டமா தெரிவாங்க.

நேர்மையான வழி ஒண்ணு இருக்கு: ஒரே வருஷத்துல உள்ளே வந்த எல்லாரையும் எடுத்து, கடைசி வரைக்கும் பின்தொடர்றது. பிரச்சினை, அதுக்குப் பொறுமை வேணும். 2020-ல வந்த 1,000 குழந்தைகள்னு சும்மா ஒரு கணக்கு வச்சுக்கலாம். ரெண்டு வருஷத்துல 460 பேர் வீடு திரும்பினாங்க, 120 பேர் தத்துப் போனாங்க, 80 பேர் சொந்தக்காரங்க கிட்ட போனாங்க, 340 பேர் இன்னும் உள்ளே.

தத்தெடுப்பு விகிதம் 12 சதவீதமா? அந்த 340 பேர்ல இன்னும் பல பேர் தத்துப் போகலாமே. சரி, அவங்களை விட்டுட்டு 660-ஆல வகுத்தா 18 சதவீதம். அதுவும் தப்பு, ஏன்னா தத்து மெதுவா நடக்கிற விஷயம், காத்திருக்கிறவங்களைத் தூக்கிட்டா கதையே மாறிடும். இப்படிப் பாதியில நிக்கிற தரவுக்குன்னு 1958-ல கேப்லன், மையர்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு புள்ளியியல் முறை கொடுத்தாங்க. மருத்துவ ஆராய்ச்சியில தினமும் பயன்படுது. ஆனா அதை அப்படியே இங்க போட்டா ஒரு சிக்கல்: வீடு திரும்பின 460 பேரையும் "என்னைக்காவது தத்துப் போயிருக்கக்கூடியவங்க"ன்னு அது எடுத்துக்கும். பதில் ஊதிப்போகும். வீடு திரும்புறதும் தத்தும் போட்டி முடிவுகள், ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்காதுன்னு தனியா சொல்லிக் கொடுத்துக் கணக்குப் போடணும்.

அப்போ அந்த 53 சதவீதம்? காத்திருக்கிறவங்கன்னா, தத்துதான் இலக்குன்னு பதிவானவங்க, இல்லைன்னா பெற்றோர் உரிமை ரத்தானவங்க. யாரைக் காத்திருப்பவர்னு சொல்றதுன்னு மத்திய அரசுக்கு ஒரு சட்ட வரையறையே கிடையாது. கோர்ட்ல உரிமை ரத்தை இழுத்தடிக்கிற மாநிலத்துல காத்திருப்பவர் எண்ணிக்கை சின்னதா இருக்கும், விகிதம் அழகா தெரியும். வேகமா முடிவெடுக்கிற மாநிலம் மோசமா தெரியும்.

தத்துக் கணக்குல எண்ணவே படாத குடும்பங்களும் இருக்காங்க. பாட்டியோ சித்தியோ கார்டியனா பொறுப்பெடுத்தா அது தத்து இல்லை, தனிக் கணக்கு. பெத்த பொண்ணோட உரிமையைக் கோர்ட்ல ரத்து செய்ய எந்தப் பாட்டிக்குத்தான் மனசு வரும்? பல பூர்வகுடிகளோட மரபுத் தத்துல பெற்றோர் உரிமையை ரத்து செய்றதே இல்லை.

கடைசியா ஒரு ஓட்டை. இந்தத் தரவை மாநிலங்கள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்புறாங்க. அந்த மத்தியத் தொகுப்போட பேர் ஆஃப்கார்ஸ். ரொம்ப வருஷமா அது அந்தந்த நேரத்துப் படமா மட்டும்தான் இருந்துச்சு. 2022 அக்டோபர்லேர்ந்து ஒவ்வொரு குழந்தையோட முழு வரலாறும், முன்னாடி தத்துப் போயிருந்தா அதோட தேதி உட்பட, கேட்கிறாங்க. இது ஏன் முக்கியம்னா, தத்துப் போனதும் பல சமயம் குழந்தைக்குப் பேர் மாறும், பதிவு எண் மாறும், பழைய கோப்புக்குச் சீல் வச்சிடுவாங்க. அந்தத் தத்து முறிஞ்சு, அதே குழந்தை மூணு வருஷம் கழிச்சு ஃபாஸ்டர் கேருக்குத் திரும்பி வந்தா, பழைய கோப்போட இணைக்க வழி இல்லாம புதுசா வந்த குழந்தை மாதிரியே பதிவாகலாம். முன்னாடி எண்ணின தத்துல ஒண்ணும் குறையாது.