பிள்ளை கூட்டிய வீடுகளில் ஒரு தயக்கம்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் நெடுங்காலம் வழக்கறிஞராக இருந்தவன் நான். குழந்தையில்லாத தம்பதியர் தத்தெடுப்பது பற்றிக் கேட்டு வரும்போது, பெரும்பாலும் மனைவிதான் பேசுவார். கணவர் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு முடிந்து இருவரும் எழுந்து வாசல்வரை போன பிறகு, அவர் மட்டும் திரும்பி வந்து, "வக்கீல் ஐயா, இன்னொன்று கேட்கவேண்டும்" என்று குரலைத் தாழ்த்துவார். அந்த 'இன்னொன்றை'ப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செட்டிநாட்டு ஆண்களுக்குத் தத்து என்பது புதிய செய்தி அன்று. இங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தார் வீடுகளில் இதற்குப் 'பிள்ளை கூட்டுதல்' என்று பெயர். கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய் ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களின் குடும்பங்களில், ஆண் வாரிசு இல்லையென்றால் கடையின் விலாசம், அதாவது பலகையில் இருக்கும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை, அற்றுப்போகும்; ஊர்க் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், குறையும்; கொள்ளி வைக்க ஆளிருக்காது. ஆகவே ஒரே கோவிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் ஒரு பையனைப் பார்த்து, ஊரறியக் கூட்டிக்கொண்டார்கள்.

என் அப்பச்சியே, அதாவது என் தந்தையே, அப்படிக் கூட்டப்பட்டவர்தான். பதினோரு வயதில், வீட்டு முற்றமான வளவில் பங்காளிகள் கூடியிருக்க, வெள்ளிக் கிண்ணத்தில் கரைத்துக் கொடுத்த மஞ்சள் நீரைக் குடித்தார். பாதி சட்டையில் சிந்திவிட்டது. அந்தக் கறை எத்தனை முறை வெளுத்தும் போகவில்லை என்று வயதான காலத்திலும் சொல்வார். கூட்டிக்கொண்டவர் அவருடைய பெரியப்பா. ஆகவே மஞ்சள் நீர் தொண்டையில் இறங்கிய நொடியிலிருந்து, பெற்றவரைச் சித்தப்பா என்று அழைக்கவேண்டும். இரண்டு வீடுகளும் ஒரே தெருவில் இருந்தன. முதல் ஒரு வாரம் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமல், கண்ணைப் பார்த்துப் பேசியே சமாளித்ததாகச் சொல்வார். அந்தச் சிறுவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கவியரசர் கண்ணதாசனும் இப்படிப் போனவரே. 1927இல் சிறுகூடற்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த அவர், 7000 ரூபாய்க்குச் சுவீகாரம், அதாவது தத்து, கொடுக்கப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. போன வீட்டில் அவர் பெயர் நாராயணன். இன்று இப்படிப் பணம் கைமாறுவது குற்றம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடுத்து, ஆறு மாதம்வரை சிறைத் தண்டனையும் விதிக்க இடமளிக்கிறது.

அந்தச் சட்டத்துக்கு முந்தைய இந்து சட்டம் சுவீகாரத்துக்குப் பொதுவாக ஆண் பிள்ளையை மட்டுமே ஏற்றது. கணவன் இறந்த பிறகுகூட அவன் பெயருக்குப் பிள்ளை தேடினார்கள். நம் பக்கத்து இராமநாதபுரம் ஜமீன் வழக்கில், கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும் அவனுடைய சபிண்டர்களின், அதாவது நெருங்கிய இரத்த உறவினர்களின், சம்மதத்தோடு விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்று 1868இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதாவது, மண்ணுக்குள் போய்விட்ட ஆணுக்கும் மகன் கிடைத்தான். உயிரோடு இருந்த அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை வேண்டுமா என்பது அந்த வழக்கின் கேள்வியே அன்று.

இதைப் பழங்கதையாக நினைத்துச் சொல்லவில்லை. இன்று என் எதிரே உட்காரும் ஆணின் தயக்கம் இங்கேயிருந்துதான் முளைக்கிறது. மற்றொருவர் பெற்ற பிள்ளையை ஏற்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. அவர் தாத்தாவே கூட்டப்பட்டவராக இருப்பார். ஆனால் எந்தக் கோவில், எந்தப் பிரிவு, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத ஒரு கைக்குழந்தை என்றால், வாய் அடைத்துவிடுகிறது. நகரத்தார் கல்யாணத்துக்கு அவரவர் கோவிலிலிருந்து மாலை வருவது வழக்கம். திரும்பி வந்து அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நாளைக்கு இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் கோவில் மாலை வருமா?" குழந்தை வீட்டுக்கு வரவில்லை, இன்னும் விண்ணப்பமே போடவில்லை, அவர் இருபத்தைந்து ஆண்டு தாண்டி முகூர்த்த நாளில் நிற்கிறார். கோவில் வழக்கத்தைப் பங்காளிகளும் கோவிலாருமே பேசி முடிவு செய்யவேண்டும்; அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. சட்டத்தின் பதிலை மட்டும் சொல்வேன்: தத்தெடுத்த நாள் முதல் அது உங்கள் பிள்ளை, சொத்துரிமை உட்பட, முறையாக நடந்த தத்தை நீங்களே நினைத்தாலும் இரத்து செய்ய முடியாது.

இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'மலடி' என்ற சொல்லை நம் தெருவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'மலடன்' என்பதும் அகராதியில் இருக்கிறது. ஆனால் எந்தத் திண்ணையிலும் அதை நான் கேட்டதில்லை. குழந்தையில்லாமைக்கு ஆணின் உடற்குறையும் சம அளவில் காரணமாகலாம் என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லியும், மனைவிக்கு ஏழெட்டுப் பரிசோதனை முடிந்த பிறகும் விந்துப் பரிசோதனைக்குப் போகாத கணவர்களை நான் அறிவேன். அவர்களுக்குத் தத்தெடுப்பு என்பது ஊரைக் கூட்டிவைத்துத் தன் குறையைத் தானே படித்துக் காட்டுவதுபோலத் தோன்றுகிறது. அதனால் மறுப்பாகச் சொல்லாமல், "பார்க்கலாம்" என்று சொல்லியே பத்தாண்டைக் கடத்துகிறார்கள். இந்தப் "பார்க்கலாம்" மறுப்பைவிடக் கொடியது என்பது என் கருத்து. மறுத்துவிட்டால் மனைவி அழுதாவது முடிப்பார்.

நடைமுறை இப்போது ஒளிவுமறைவற்றது. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இருவரிடமும் பேசி அறிக்கை எழுதுவார். குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வும் இருவர் சம்மதமும் கட்டாயம். 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பிக்கிறார். காத்திருப்பு மட்டும் நீண்டது, சில ஆண்டுகள் ஆகும். கணவர் மௌனமாக உட்கார்ந்திருந்து மனைவியின் விருப்பத்துக்குத் தலையாட்டினால் போதும் என்று நினைத்தால், வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரின் முன் அது எடுபடாது.

எனக்கு வியப்பளிப்பது ஒன்று. நாடு முழுவதும் இந்த வழியில் தத்தெடுக்கப்படும் குழந்தைகளில் பெண்களே அதிகம். விலாசம் காக்க ஆண் பிள்ளையை மட்டுமே தேடிய நாட்டில் இது எப்படி நடந்தது? கொள்ளியும் புள்ளியும் கணக்கில் இல்லாதபோது, வளர்க்க ஒரு பிள்ளை என்ற ஆசை மட்டும் மிஞ்சுவதாலோ என்று நினைத்துக்கொள்வேன்.

நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், கோவில் மாலைக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனவர், நான்கு ஆண்டுக்குப் பின் மீண்டும் வந்தார். தோளில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஆணை வந்துவிட்டது, பிறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை எழுத உதவி கேட்டார். பெயருக்கு முன் என்ன எழுத்துப் போடுவது என்று என் குமாஸ்தா கேட்டபோது, அப்பா, ஐயா (தாத்தா), பாட்டையா (கொள்ளுத் தாத்தா) மூவரின் எழுத்தையும், கடைப் பலகையில் இருந்த அதே விலாசமாகச் சொன்னார்.

"பெண் பிள்ளைக்கு எதற்கு அண்ணே இத்தனை எழுத்து?" என்றார் குமாஸ்தா.

"எழுதுங்க" என்றார் அவர், குழந்தை விழித்துவிடாத குரலில்.