போகாத பயணங்களின் கணக்கு

வணக்கம் நேயர்களே.

ஒரு நகரத்தில் மேம்பாலம் கட்டுவதா, கூடுதல் பஸ் விடுவதா, மெட்ரோ தோண்டுவதா என்று முடிவெடுக்கும் முன்னால் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடக்கும். உங்கள் வீட்டுக்கும் எப்போதாவது வந்திருக்கலாம். வீட்டில் எத்தனை பேர், நேற்று யார் யார் எங்கே போனார்கள், எதற்காக, எத்தனை மணிக்கு, எதில் ஏறி, எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். போக்குவரத்துத் திட்டமிடலில் பெரும்பகுதி இந்தப் படிவத்தை நம்பித்தான் நடக்கிறது.

இந்தத் துறையில் படித்து, இதையே பாடமாகவும் நடத்துகிற எனக்கு அந்தப் படிவத்தின் மேல் நெடுநாளாக ஒரு குறை உண்டு. போன பயணத்தை மட்டும்தான் அது கேட்கிறது. போக நினைத்தும் போக முடியாமல் விட்ட பயணத்தைக் கேட்பதில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அன்றைய கூலி போய்விடும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டவரின் நாள் அந்தத் தாளில் ‘பயணம் இல்லை’ என்றுதான் பதிவாகும். அப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்துக் கணினியில் ஏற்றினால், அந்தத் தெருவுக்குப் பஸ் தேவையில்லை என்று விடை வரும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். 1953இல் டெட்ராய்ட் நகரத்திலும், 1955 முதல் சிகாகோவிலும் டக்ளஸ் கேரல் என்பவர் தலைமையில் மிகப் பெரிய பயண ஆய்வுகள் நடந்தன. நகரத்தை மண்டலங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்புகிறது, அது எங்கே போகிறது, எதில் போகிறது, எந்தச் சாலை வழியாகப் போகிறது என்று படிப்படியாகக் கணக்கிடுவது: இன்றும் உலகெங்கும் பாடத்தில் இருக்கும் முறை அந்தக் காலத்தில் உருப்பெற்றதுதான். சிகாகோ ஆய்வில் கார்ட்டோகிராஃபட்ரான் என்ற கருவியைச் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பயணமும் அதன் திரையில் ஓர் ஒளிக்கோடாக விழும்; அதைப் படமெடுப்பார்கள். கோடுகள் எங்கே அடர்ந்து விழுகின்றனவோ அங்கேதான் போக்குவரத்து அதிகம், அங்கேதான் விரைவுச்சாலை வேண்டும். கார் பெருகிக்கொண்டிருந்த ஊரில், சாலை போடுவதற்காகக் கேட்ட கேள்விகள் அவை. அந்த வேலைக்கு அவை பொருத்தமானவையே. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவருக்கு அந்தத் திரையில் கோடு கிடையாது.

அதற்கடுத்த தலைமுறை ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 1972இல் பார்ட் என்ற புதிய ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. டேனியல் மெக்ஃபேடன் என்ற பொருளியலாளர் ரயில் ஓடும் முன்னரே 771 பேரின் பயணங்களை ஆராய்ந்து 6.3 சதவீதம்தான் வரும் என்றார். வந்தது 6.2. மனிதர்கள் ஒரு வாகனத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கணிப்பதற்கு அவர் வகுத்த வழி, 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஆனாலும் அது வேலைக்குப் போகிறவர் எதில் போவார் என்ற கேள்விக்கான விடை. வேலைக்கே போக முடியாமல் போனவரைப் பற்றிய கேள்வி வேறு.

அந்த வேறு கேள்வியைத் தெளிவாக எழுப்பியவர்களில் ஒருவர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் என்ற சுவீடன் நாட்டுப் புவியியலாளர். 1970இல் வெளியான அவருடைய கட்டுரை இப்படி யோசிக்கச் சொன்னது: ஒருவர் என்ன தேர்ந்தெடுக்கிறார் என்று பார்ப்பதற்கு முன்னால், எதெல்லாம் அவருக்கு முடியாது என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. கால் நடையோ வாகனமோ போகும் வேகத்துக்கு எல்லை உண்டு. குழந்தையோடு, முதலாளியோடு, கடைக்காரரோடு குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருந்தாக வேண்டும். கதவு திறப்பதும் மூடுவதும் பிறர் கையில். ரேஷன் கடை, பள்ளி மணி, தண்ணீர் லாரி வரும் நேரம் இவற்றை நினைத்துக்கொண்டால் நம் ஊரில் அவர் சொன்னதற்கு விளக்கமே வேண்டாம். 2019இல் இந்தியாவில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. ஐந்து மணி நேரம் வீட்டு வேலைக்குப் போய்விட்டால், மிச்ச நேரத்துக்குள் போய்த் திரும்பக்கூடிய வட்டம் எவ்வளவு சின்னது!

இனி சென்னைக்கு வருகிறேன். 2005இல் சுமீதா சீனிவாசன், பீட்டர் ராஜர்ஸ் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சென்னையின் இரண்டு ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று பட்டினப்பாக்கம் பக்கம், அடையாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய சீனிவாசபுரம். மற்றது துரைப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலைக்கு உள்ளே இருக்கும் கண்ணகி நகர். சீனிவாசபுரத்துக்காரர்களுக்கு மந்தைவெளியும் மயிலாப்பூரும் நடக்கிற தூரம். கண்ணகி நகரோ, 2000ஆம் ஆண்டு முதல் நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். பிறகு அது 15,000 வீடுகளுக்கு மேல் வளர்ந்தது. ஆய்வின் முடிவு இதுதான்: நடுநகரத்தில் இருந்தவர்கள் அதிகமாக நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். வேலையும் கடையும் எவ்வளவு எட்டத்தில் இருக்கின்றன என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்த இரண்டு இடங்களின் படிவங்களையும் எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், கண்ணகி நகரில் பஸ் பயன்பாடு நன்றாக இருக்கிறது, கிலோமீட்டர் கணக்கு கூடியிருக்கிறது, நடமாட்டம் பெருகியிருக்கிறது என்று பாராட்டி எழுதிவிடுவார். உண்மையில் அவர்கள் முன்பு நடந்து போய்ச் செய்த வேலைக்கே இப்போது பஸ் ஏறுகிறார்கள். மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்த ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். காலையில் சமைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, பிள்ளையை அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார். பஸ் நெரிசலில் நகர்கிறது. முதல் வீட்டுக்குத் தாமதம், மூன்றாவது வீட்டுக்குப் போகவே நேரமில்லை. சில மாதத்தில் ஒரு வீடு கைவிட்டுப் போகும், அப்புறம் இன்னொன்று. கடைசியில் அவர் வீட்டிலேயே இருக்கிறார். அன்று கணக்கெடுக்க வருகிறவர் ‘வேலை: இல்லத்தரசி, பயணம்: இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவார். வீடு மாறியதால் பிழைப்பு எப்படி மாறியது என்று கண்ணகி நகரில் கரேன் கொயெல்லோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012இல் எழுதியது, போக்குவரத்துத் துறை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது என்பேன். இதெல்லாம் வெளிவந்த பிறகும் பெரும்பாக்கத்தில், இன்னும் தெற்கே, இன்னும் பெரிய குடியிருப்பு எழும்பியது. எனக்கு அதில் ஆறாத வருத்தம்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. பயணிகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 60க்கு மேல் போனதாக அரசு சொல்கிறது. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது. மேடைகளில் அந்த 888தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது, கூடுதலாக ஏறிய அந்தப் பெண்கள். அவர்கள் முன்பு எங்கே இருந்தார்கள்? சிலர் நடந்திருப்பார்கள், சிலர் ஷேர் ஆட்டோவில் போயிருப்பார்கள், சிலர் போகாமலே இருந்திருப்பார்கள். நடத்துநர் கிழித்துத் தரும் கட்டணமில்லாச் சீட்டு ஏறியவரை எண்ணும். அவர் இந்த மூன்றில் யார் என்று சொல்லாது. நேரில் கேட்டால்தான் தெரியும். இன்னொன்று: சலுகை சாதாரணக் கட்டணமுள்ள வெள்ளை போர்டு பஸ்ஸுக்குத்தான். டீலக்ஸ் பஸ் வந்து போய்விட, வெள்ளை போர்டுக்காக அரை மணி நேரம் நிற்கிற பெண் காசுக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறார். அந்த நேரம் எங்கும் பதிவாவதில்லை.

பதிவாகாதவை இன்னும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டது. பெரிய முன்னேற்றம். ஆனால் விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் இருப்பவர்களைக் கேட்கவில்லை. படிப்புக்கு, மருத்துவத்துக்கு, சந்தைக்குப் போவதையும் கேட்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? படிவத்தில் நாலைந்து கேள்வி கூட்டினால் போதும். போன வாரம் போக நினைத்துப் போகாத இடம் எது? ஏன் போகவில்லை: காசா, நேரமா, இருட்டா, பஸ் இல்லையா, துணை இல்லையா? தூரம் என்பதற்காக வேண்டாமென்று விட்ட வேலை உண்டா? பிள்ளைகளுக்காக, வயதானவர்களுக்காக எத்தனை நடை போனீர்கள்? இந்தக் கேள்விகளைக் குடும்பத் தலைவரிடம் கேட்டுவிட்டு வீட்டில் மற்றவர்கள் பெயரில் நிரப்பக் கூடாது. அந்தந்த ஆளிடமே கேட்க வேண்டும். பகலில் போனால் வேலைக்குப் போகிற பெண்கள் கிடைக்க மாட்டார்கள். மாலையில், ஞாயிற்றுக்கிழமையில் போக வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் தொகையோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படிவத்தோடு யாராவது வாசலில் வந்து நின்றால், “நேற்று எங்கும் போகலை” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பால் வாங்கப் போனது, பிள்ளையைப் பள்ளியில் விட்டது, கோயிலுக்கு நடந்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். போக முடியாமல் விட்டது எது, ஏன் என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையென்றால், ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.