துரு தள்ளும் செங்கல்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கரடியைப் பற்றியோ வெந்நீர் ஊற்றைப் பற்றியோ ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் தொழிலில் இருப்பவன் நான். எனக்குத் தெரிந்தது செங்கல், சுண்ணாம்பு, துரு. அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஃப்ளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்று ஒரு தீவு. அங்கிருந்து மேற்கே கடலுக்குள் சுமார் 110 கிலோமீட்டர் போனால் டிரை டோர்டுகாஸ் தேசியப் பூங்கா. படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலாபுறமும் தண்ணீர், நடுவில் அறுகோண வடிவில் ஒரு செங்கல் கோட்டை. ஜெஃபர்சன் கோட்டை என்று பெயர். 1846இல் கட்டத் தொடங்கி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கட்டியும் வேலை முடியவில்லை. 1 கோடியே 60 லட்சம் செங்கற்கள் அதில் இருக்கின்றன. லிங்கன் கொலை வழக்கில் தண்டனை பெற்ற மருத்துவர் சாமுவேல் மட் அங்கேதான் அடைபட்டுக் கிடந்தார்.

அந்தக் கோட்டையின் கீழ்த்தளத்தில், பீரங்கி அறை ஒன்றில், வெகுநேரம் நின்றேன். பீரங்கியின் வாய் வெளியே நீளும் சாளரத்தில் இரும்புக் கதவுகள் வைத்திருந்தார்கள். குண்டு வெளியேறும் கணத்தில் மட்டும் திறந்து, எதிரியின் குண்டு உள்ளே வராதபடி உடனே மூடிக்கொள்ளும் ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு அது அபாரமான யோசனை. கனத்த இரும்பைச் செங்கல் சுவருக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். பிறகு உப்புக்காற்று தன் வேலையைத் தொடங்கியது. இரும்பு துருப்பிடித்தால் உப்பும். உப்புவதற்கு இடம் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். சாளரத்தைச் சுற்றியிருந்த செங்கற்கள் வரிசை வரிசையாக வெளியே தள்ளப்பட்டு, கீழே அகழிக்குள் விழுந்தன. பகைவர் யாரும் ஒரு குண்டுகூட வீசாத கோட்டை அது. அதை உள்ளேயிருந்தே இடித்துக்கொண்டிருப்பது அதன் கவசம்.

இடுக்கில் இருந்த சாந்தை விரலால் தொட்டேன். மாவாக உதிர்ந்தது.

பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான தேசியப் பூங்காச் சேவை இந்தச் சாளரங்களைக் கட்டம் கட்டமாகச் சரிசெய்து வருகிறது. இரும்பை வெளியே எடுக்க வேண்டும், செங்கற்களைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். சுண்ணாம்பு, மணல், சாரம், கொத்தனார்கள் எல்லாமே கடல் கடந்து வரவேண்டும். கடல்நீரில் சாந்து குழைக்க முடியாது. அந்தச் சுவருக்கு முதல் எதிரியே உப்புதான். கோட்டையைக் கட்டியவர்களுக்கும் நல்ல தண்ணீர்தான் பெரும் தலைவலி. கூரையில் விழும் மழைநீரை மணலில் வடித்து அடித்தளத் தொட்டிகளில் சேர்க்கத் திட்டமிட்டார்கள். கோட்டையின் பாரம் தாங்காமல் தரை இறங்கியது, தொட்டிகள் விரிசல் விட்டன, கடல்நீர் உள்ளே புகுந்தது. பொறியியல் மாணவர்களை அங்கே ஒருமுறை கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை.

‘இவ்வளவு எதற்கு, சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டால் என்ன’ என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பழைய செங்கல் மென்மையானது. ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புச் சாந்தின் வழியாக வெளியே விடும். நடுவில் சிமெண்டை வைத்தால் அந்த வழி அடைபடும். ஈரமும் உப்பும் செங்கல்லுக்குள்ளேயே தேங்கி, அதன் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் மட்டும் கோடு கோடாக நிற்கும், செங்கல் இருக்காது. பணம் இல்லை என்று அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலையைப் பிரித்தெடுப்பதற்கே பாதிப் பணம் போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இந்தக் கட்டடங்களைக் காப்பது யார் பொறுப்பு? 1916இல் தேசியப் பூங்காச் சேவையை உருவாக்கிய சட்டமே இதற்குப் பதில் சொல்கிறது. இயற்கைக் காட்சிகள், வனவிலங்குகள் ஆகியவற்றோடு வரலாற்றுப் பொருள்களையும் வருங்காலத் தலைமுறைக்குக் கெடாமல் காக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இன்று அந்தச் சேவையின் பொறுப்பில் 430க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை வரலாற்றுக்காகவும் பண்பாட்டுக்காகவுமே ஏற்படுத்தப்பட்டவை. அமெரிக்க நாடாளுமன்றம் புதுப்புது இடங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தது. பராமரிப்புப் பணம் அந்த வேகத்தில் வரவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான்.

தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2018இல் சுமார் 1,190 கோடி டாலர். 2023இல் அது 2,300 கோடி டாலரைத் தாண்டியது. இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: கணக்கிடும் முறையை நடுவில் மாற்றினார்கள், இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தொகை மலைக்க வைப்பதுதான். 2018 கணக்கில் ஏறக்குறைய பாதி, சாலைகளும் பாலங்களும் வாகன நிறுத்துமிடங்களும். பழைய கட்டடம் அந்தப் பெரிய வரிசையில் பின்னால் நிற்கிறது. குழி விழுந்த சாலையைப் பற்றி அன்றைக்கே புகார் வரும்; கூரை ஒழுகும் பழைய வீடு யாரிடமும் போய்ப் புகார் சொல்லாது.

2020இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. அமெரிக்கத் திறந்தவெளிச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். செனட்டில் ஆதரவாக 73 வாக்குகள், எதிராக 25. இந்தக் காலத்தில் இரு கட்சிகளும் இப்படிக் கைகோத்தது அதிசயம். ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு. அதில் 70 சதவீதம் பூங்காச் சேவைக்கு. அரசு நிலங்களிலும் கடற்பகுதிகளிலும் கிடைக்கும் எரிசக்தி வருவாயிலிருந்து வரும் பணம் அது. இதற்கென்று புதிய வரி எதுவும் போடவில்லை. அந்த ஐந்தாண்டுக் கணக்கு 2025 நிதியாண்டோடு முடிந்தது. செங்கல்லுக்கு நிதியாண்டு தெரியுமா? துரு நாள்தோறும் வேலை செய்கிறது. அதைச் சரிசெய்யும் பணம் ஐந்து ஆண்டு வந்து நிற்பது எனக்குப் பிடிபடவில்லை.

பார்வையாளர்கள் கொடுக்கும் டிக்கெட் பணத்தில் செய்துகொள்ளலாமே என்பார்கள். கட்டணம் வசூலிக்கும் பூங்காக்கள் அந்தப் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் நுழைவுக்கட்டணமே கிடையாது. அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீட்டைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை. வாங்கவும் கூடாது என்பது என் கட்சி. அந்தப் பூங்காவின் வரவேற்பு மையத்துக்கு முன்னால் காந்தியின் சிலை நிற்கிறது, போனால் பாருங்கள். வீட்டைச் செப்பனிடுவதற்காக 2023 நவம்பரில் மூடினார்கள். உண்டியல் வைத்துச் சேர்க்கிற பணத்தில் முடிகிற வேலை இல்லை அது.

கொடையாளர்கள் இருக்கிறார்களே என்பது அடுத்த பதில். 2011 நிலநடுக்கத்தில் வாஷிங்டன் நினைவுத்தூணில் விரிசல் விழுந்தபோது டேவிட் ரூபன்ஸ்டைன் என்ற செல்வந்தர் 75 லட்சம் டாலர் கொடுத்தார். பாதிச் செலவு அவருடையது. மனமாரப் பாராட்டலாம். ஆனால் எந்தச் செல்வந்தரும் நினைவுத்தூணுக்குக் கொடுப்பார். வடிகால் குழாய்க்குக் கொடுப்பாரா? நான் பார்த்த பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தக் குழாய் அடைத்துக்கொண்டதால்தான் கெட்டுப்போயிருக்கின்றன.

முடியாது என்பதில்லை. வட கரோலினாவின் ஹாட்டராஸ் முனைக் கலங்கரை விளக்கம் 1870இல் கடலிலிருந்து 1,500 அடி தள்ளிக் கட்டப்பட்டது. கடல் அரித்து அரித்து அதன் காலடிக்கே வந்துவிட்டது. 1999இல் அந்தக் கோபுரத்தை அப்படியே தூக்கி, தண்டவாளத்தின் மேல் நகர்த்தி, 2,900 அடி தள்ளி வைத்தார்கள். நகர்த்துவதற்கு 23 நாட்கள் ஆயின. நகர்த்துவதா வேண்டாமா என்ற வாக்குவாதம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

பணம் போனால் இன்னொன்றும் கூடவே போகும்: கைகள். மேரிலாந்தின் ஃபிரெடெரிக் நகரில் பூங்காச் சேவையின் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. பழைய முறையில் கல் அடுக்கவும் மரம் இழைக்கவும் ஜன்னல் செய்யவும் அங்கே பழக்குகிறார்கள். சுண்ணாம்புச் சாந்தின் பதத்தைக் கரண்டியில் எடுத்ததுமே சொல்லக்கூடிய கொத்தனார் ஓராண்டில் உருவாவதில்லை. ஒரு வருடம் வேலை கொடுத்து மறு வருடம் வீட்டுக்கு அனுப்பினால் அவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

அமெரிக்காவில் இருந்து இந்த உரையைக் கேட்கிற, வாக்குரிமை உள்ள நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். ‘பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே ஒரு நன்றிக் கடிதம் வரும். அந்த ஐந்தாண்டு நிதியை ஆண்டுதோறும் வருகிற நிலையான ஒதுக்கீடாக்குங்கள், அதில் வரலாற்றுக் கட்டடங்களுக்கென்று ஒரு பங்கைத் தனியே வையுங்கள் என்று கேளுங்கள். கூடவே, நீங்கள் நேரில் பார்த்த ஒரு கட்டடத்தின் பெயரையும் அதில் கெட்டுப்போயிருக்கும் ஒரு பகுதியையும் எழுதுங்கள். கூரை, படிக்கட்டு, ஜன்னல், எதுவானாலும் சரி. நான் எழுதிய கடிதத்தில் இருந்தது ஒரு பீரங்கிச் சாளரம், அதன் இடப்பக்கம் மேலிருந்து மூன்றாம் வரிச் செங்கற்கள்.

வணக்கம்.