பழைய கொரோலாவுக்குள் இருபது வால்வு

வணக்கம் நேயர்களே. நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள், ஏதாவது ஒரு வீட்டில் பானட் திறந்திருக்கும். 1970களின் கொரோலா ஒன்று நிற்கும். பக்கத்தில், பழைய டயர் மேல், டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ இன்ஜின் காத்திருக்கும். 1166 சிசி 3கே இன்ஜின் இருந்த இடத்தில் 165 குதிரைத்திறனை உட்கார வைக்கிற வேலை.

தூக்கி வைப்பது ஒரு நாள் காரியம். பெட்ரோலும் வயரும்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

இந்த இன்ஜின் முன்சக்கர ஓட்டத்துக்காகச் செய்தது. பழைய கொரோலாவோ பின்சக்கர ஓட்டம். அதற்காக நீளவாக்கில் வைத்தால், பின்னாலிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுப்பது) ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள தகட்டில், முட்டும். தண்ணீர் வெளியேறும் வாயும் அங்கேதான் இருக்கிறது. பலர் ஃபயர்வாலை வெட்டுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. பாடியின் பலமே அந்தத் தகட்டில்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் துளையை மூடுங்கள். முன் புல்லியில் 36-1 பல் சக்கரமும் (36 பல் இடத்தில் ஒன்று இல்லாதது) சென்சாரும் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமலே தீப்பொறி தரும் காயில் பேக் போடுங்கள். சம்ப்பும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) அதன் உறிஞ்சு குழாயும் பின்சக்கர ஓட்ட வண்டியுடையவை, ஜோடியாக வேண்டும். கியர்பாக்ஸுக்கு டொயோட்டாவின் டி50 போதும். மவுண்ட் வெல்டிங் வைக்குமுன் வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஜாக்கியில் பின் ஆக்சில் தொங்கும்போது புரப்பல்லர் ஷாஃப்ட் கோணத்தை அளந்தால் அளவு பொய்யாகிவிடும், பிறகு வேகமெடுத்தால் வண்டி அதிரும்.

பழைய கார்புரேட்டர் பம்ப் தருவது 0.3 பார் அழுத்தம். இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார் வேண்டும். சாதா ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும் வாங்குங்கள். டேங்குக்குத் திரும்பும் குழாயும் போட வேண்டும். பழைய டேங்கில் தடுப்பு போதாது. கால் டேங்கோடு வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். கலவை மெலிந்து பிஸ்டன் உருகுவது அப்படித்தான். பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்கும்படி தேக்கி வைக்கும் ஒரு லிட்டர் சுழல் டேங்க் ஒன்று இடையில் வையுங்கள். இன்ஜினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓட விட்டு, ஒவ்வொரு மூட்டையும் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள்.

வயரிங்கில் முதலில் எர்த். பிளாக்கிலிருந்து பாடிக்குத் தடித்த பட்டை இல்லையென்றால் ஸ்டார்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்பிப் போகும். கேபிள் சிவந்து உருகிய பிறகும் சிலர் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள்!

அடுத்து டியூனிங். கோடெக், டிக்டேட்டர் என்று நம் நாட்டு இசியுக்களே (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்கள்) இருக்கின்றன. இந்த இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (காற்றை விடும் கதவு) என்பதால் மேனிஃபோல்டு வெற்றிட அளவு நிலையாக வராது. அதனால் பலர் த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் வைத்தே மேப் (எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) போடுகிறார்கள். டர்பனில் அது சரியாக ஓடும். என்3 சாலையில் ஏறி 1,750 மீட்டர் உயர ஜோபர்க் போனால் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கலவை தடித்துப் புகை கறுக்கும். ஆபத்து மறுதிசையில்தான். அங்கே டியூன் செய்த வண்டியை வாங்கி இங்கே டர்பனில் இறக்கினால் கலவை மெலிந்து இன்ஜின் நாக் அடிக்கும், அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டும். 11:1 கம்ப்ரஷனுக்கு 95 ஆக்டேன் ஊற்றினாலும் அது காப்பாற்றாது. காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் சென்சாரோடு இணைத்த மேப்தான் வேண்டும்.

பிரேக் பற்றி ஒரே வார்த்தை: முன்னால் டிரம் இருந்தால், டிஸ்க் மாற்றாமல் சாவி போடாதீர்கள்.

இன்ஜின் எண் மாறுவதால் பதிவுச் சான்றிதழும் மாற வேண்டும். போலீஸ் கிளியரன்ஸ் எடுக்கும்போது இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஸ்கிராப்யார்டில் பணம் கொடுக்கும்போதே, பிளாக்கில் உள்ள எண்ணை எழுதிய ரசீதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.