ஐந்தில் ஒன்று குறைந்தால்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் படித்துக்கொண்டு, முதல் ஆப்பரேஷன் தியேட்டர் போஸ்டிங்குக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பேச்சு.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மயக்கம் கொடுக்கும் முன், தோலில் கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும். மனப்பாடம் செய்வது எளிது. கேட்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

“நீங்கதானே மேரி?” என்றால், பயத்தில் இருக்கும் அம்மா எதற்கும் “ஆமா” என்றுதான் சொல்வார். நம் மாவட்டத்தில் ஒரே வார்டில் இரண்டு மேரி கிடப்பது சாதாரணம். “உங்க பேரு என்னம்மா? எந்தக் காலுல ஆப்பரேஷன்?” என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். காலைத் தொட்டுக் காட்டட்டும். பிறகு கைப்பட்டை, கேஸ் ஷீட், சர்ஜன் போட்ட பேனா அடையாளம் மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

“ஒண்ணும் சாப்பிடல” என்பதையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். பலருக்குச் சாப்பாடு என்றால் சோறு; சாயா அதில் சேராது. வெறும் கட்டன் சாயா என்றால் பொதுவாக 2 மணி நேர இடைவெளி போதும், பால் விட்டதென்றால் 6 மணி நேரம். “வாயில என்னெல்லாம் வச்சீங்க, எத்தனை மணிக்கு?” என்றால் வெற்றிலைகூட வெளியே வந்துவிடும். பல்செட்டைத் தனியாகக் கேளுங்கள்.

இனி மாப் எண்ணிக்கை. மாப் என்றால் ஆப்பரேஷனில் ரத்தம் ஒற்றும் துணி. வயிற்று ஆப்பரேஷனில் பெரிய துணி மாப் ரத்தத்தில் ஊறினால் கைப்பிடிக்குள் சுருங்கிவிடும். குடல் மடிப்புக்கு இடையில் ரத்தக் கட்டியா துணியா என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் அதில் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் வைத்திருக்கிறது. மாப்பை ஒருநாளும் வெட்டாதீர்கள். நூலில்லாத பாதி உள்ளே தங்கினால் எக்ஸ்ரேயிலும் அகப்படாது.

கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும், வெளியே நின்று வேண்டியதைக் கொண்டுவரும் சர்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டு எண்ண வேண்டும். ஐந்து மாப் இருக்க வேண்டிய கட்டுக்குள் நாலோ ஆறோ இருந்தால் முழுக் கட்டையும் ஒதுக்கி வையுங்கள். இன்னொன்றிலிருந்து எடுத்து நிரப்பக் கூடாது. தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், தோல் தைக்கும்போது, நடுவில் டியூட்டி மாறினால் அப்போதும் எண்ண வேண்டும். இடையில் புதுக் கட்டு பிரித்தால் உடனே போர்டில் ஏற்றுங்கள்.

பிசகு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். தையல் ஓடும்போதே ஒருவர் கருவிகளை ஒதுக்குவார், இன்னொருவர் அடுத்த கேஸுக்கு ஆள் அனுப்புவார். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மாப் ஒன்றாகப் போய்விடும். கணக்கு முடியும்வரை குப்பை வாளியோ அழுக்குத் துணியோ தியேட்டரை விட்டு வெளியேறக் கூடாது.

ஒன்று குறைந்தால் சத்தமாகச் சொல்லுங்கள்: “சார், மாப் ஒண்ணு குறையுது.” சர்ஜன் முறைத்தால் முறைக்கட்டும், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தானே தெரியும்! காயம், விரிப்பு மடிப்பு, தரை, வாளி, செருப்படி எல்லாம் தேடியும் கிடைக்காவிட்டால், நோயாளி மேஜையிலிருந்து இறங்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வெட்டியெடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது, லேபிளைப் பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால், ஆய்வகத்தில் இரண்டு பாட்டிலை ஒன்றாகத் திறந்தவுடன் மூடி மாறிவிடும். வணக்கம்.