கன்னார் பட்டறையில் தொடங்கும் இசை: கமெலானின் இன்றைய சோதனைகள்

நேயர்களுக்கு வணக்கம். இந்தோனேசியாவின் ஜாவா, பாலி தீவுகளில் கமெலான் என்று அழைக்கப்படும் வெண்கல வாத்தியத் தொகுதிக்காக நம் காலத்தில் இயற்றப்படும் சோதனை இசையைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். கமெலான் என்றதும் கோயில் விழாவும் நிழற்பாவைக் கூத்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான் என்றாலும், அது பாதுகாத்து வைக்க வேண்டிய பழம்பொருள் என்ற எண்ணத்தையும் கூடவே வலுப்படுத்திவிட்டது. இன்றைய இசையமைப்பாளர்கள் செய்துவரும் வேலையைக் கேட்டால் அந்த எண்ணம் நிற்காது.

அந்த வேலை விளங்க வேண்டுமானால் வாத்தியங்கள் எப்படி உருவாகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கமெலான் தொகுதியில் சேகண்டிகள், வரிசையாக அடுக்கிய வெண்கலப் பட்டைகள், குமிழ் வைத்த சிறு கிண்ணங்கள், முழவுகள் என்று பலவும் இருந்தாலும், தொகுதி முழுவதையும் ஒரே வாத்தியமாகவே கன்னார் சுருதி சேர்க்கிறார். பட்டையின் அடிப்புறத்தில் நடுவே சுரண்டினால் சுருதி இறங்கும். ஓரங்களை அராவினால் ஏறும். ஸ்லெண்ட்ரோ என்ற ஐந்து சுர அமைப்பும் பெலோக் என்ற ஏழு சுர அமைப்பும் பொதுவானவை என்றாலும், எந்த இரு தொகுதிகளின் சுருதியும் ஒன்றாக இருப்பதில்லை; ஒரு தொகுதியின் பட்டையை எடுத்து இன்னொன்றில் பொருத்த முடியாது. பாலியில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரு வாத்தியங்களை இணையாகச் செய்து, ஒன்றைச் சற்றே உயர்த்தி மற்றொன்றைச் சற்றே தாழ்த்தி வைப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி அலையடிக்கிறது. ஓம்பாக் எனப்படும் அந்த அலையின் வேகத்தைக்கூடக் கன்னார் காதால் கணித்து அமைக்கிறார். தந்தி வாத்தியம் மீட்டும் நாம் சுருதி சேரும்வரை அந்த அலையைப் போக்கிக்கொண்டே இருப்போம். அவர்கள் அதை வேண்டியே வைக்கிறார்கள்.

எனவே கமெலானில் புதிதாக ஒன்றை இயற்ற விரும்புபவர் பட்டறையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 1906லும் 1908லும் டச்சுப் படைகள் தென்பாலியின் அரசவைகளை வீழ்த்திய பிறகு, 1910களில் வடபாலியின் புலேலெங் பகுதியில் கெப்யார் என்ற வெடித்தெழும் புதுப்பாணி தோன்றியது. அது பரவிய வேகத்தில், ஊர்க் குழுக்கள் தங்கள் பழைய தொகுதிகளை உருக்கிப் புதிய பட்டைகளாக வார்த்துக்கொண்டன. இன்று பாலியின் பழமை என்று பயணிகள் கேட்டு மகிழும் இசையில் பெரும்பகுதி அக்காலத்தின் துணிச்சலான சோதனையே.

ஜாவாவில் இந்த முயற்சி ஒரு கல்விக்கூடத்தில் உருப்பெற்றது. 1970களில் சோலோ நகரின் கலைக் கல்லூரியில் கெண்டோன் ஹுமார்தானியின் தலைமையில் மாணவர்கள் பாடம் செய்த உருப்படிகளோடு நிற்காமல் தாமே இயற்றுமாறு தூண்டப்பட்டார்கள். 1979 முதல் ஜகார்த்தாவில் நடந்த இளம் இசையமைப்பாளர் வாரம் அவர்களுக்கு மேடையானது. ரஹாயு சுபாங்கா, ஏ. எல். சுவார்டி, பாலியிலிருந்து சோலோவுக்கு வந்து தங்கிய ஐ வாயான் சாட்ரா ஆகியோர் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். சுவார்டி தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார். சுபாங்காவின் வழி வேறு. ஜாவா மரபில் இசைக்கான எலும்புக்கூடு மட்டுமே எழுதப்படும். அதற்குத் தசையும் தோலும் கொடுப்பது வாசிப்பவர்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பையே அவர் தம் சோதனைக்கு அடித்தளமாக்கினார். 2004இல் அரங்கேறிய ‘இ லா கலிகோ’ நாடகத்துக்கு அவர் இசையமைத்தார். அமைதியான மனிதரின் ஆழமான வேலை என்று அவருடைய இசையைச் சொல்வேன்.

வெளிநாட்டு முயற்சிகளையும் குறிப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் இசையமைப்பாளர் லூ ஹாரிசனும் கருவி செய்பவரான வில்லியம் கால்விக்கும் அலுமினியப் பட்டைகளையும் அறுத்தெடுத்த ஆக்சிஜன் உருளைகளையும் கொண்டு ஒரு கமெலானைச் செய்தார்கள். 1972இல் அதற்காக ஹாரிசன் எழுதிய ‘லா கோரோ சுட்ரோ’வில் அந்த உருளைகளைப் பேஸ்பால் மட்டையால் அடிக்கிறார்கள். 1986இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் டொராண்டோவின் எவர்கிரீன் கமெலான் குழுவுக்காக ‘ஹைகை’ எழுதினார். வெளியாரின் ஆக்கங்களில் பலவற்றுக்குக் கமெலான் ஒரு வண்ணம் மட்டுமே. ஹாரிசன் விதிவிலக்கு, அவரும் சுருதியிலிருந்து தொடங்கியவர் என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது இசையமைப்பாளர் தேவா அலிட்டுக்கு வருகிறேன். 1973இல் பாலியின் உபுத் அருகே பெங்கோசேகானில் இசைக் குடும்பத்தில் பிறந்த இவர், 2007இல் சாலுகாட் என்ற குழுவைத் தொடங்கினார். அதற்கென அவர் வடிவமைத்த தொகுதியில் பெலோக்கும் ஸ்லெண்ட்ரோவும் ஒன்றுசேர்ந்து 11 சுரங்கள் உள்ளன. பாலி இசையில் இருவர் வேகமாக மாற்றி மாற்றித் தட்டுவார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவரின் தட்டு விழும். இரண்டும் சேர்ந்தே ஒரு மெட்டு பிறக்கும். வலக்கைச் சுத்தி அடுத்த பட்டையில் விழும் அதே நொடியில், இடக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முந்தைய பட்டையின் ஓரத்தைப் பற்றி அதன் ஒலியை நிறுத்த வேண்டும். சிறுவயதிலிருந்தே கையில் ஊறிப்போன இந்தப் பழக்கத்தைத்தான் அலிட் சோதிக்கிறார். 2016இல் அவர் இயற்றிய ‘ஙேஜுக் மெமெடி’யில் சில இடங்களில் ஒலி பாதியில் அறுந்து, வேறு வேகத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது, பழுதடைந்த ஒலிப்பதிவோ, மின்னணுக் கருவியோ என்று காது தடுமாறும். அங்கே இருப்பது வெண்கலமும் கைகளும் மட்டுமே. இத்தனை பேர் இத்தனை துல்லியமாகத் தடுமாறுவதற்கு எத்தனை ஒத்திகை வேண்டும் என்பதை வாசிப்பவர்கள்தான் அறிவார்கள். பாலி வழக்கப்படி இசை துண்டு துண்டாக வாய்மொழியாகவும் கைவழியாகவும்தான் சொல்லித்தரப்படுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாலுகாட்டுக்காக இயற்றிய இசையை வேறு கமெலானில் அப்படியே வாசிக்க முடியாது. வாசிக்க விரும்பும் குழு முதலில் அந்த 11 சுரங்களுக்கும் பட்டைகளை வார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் செலவும் காலமும் ஆகும். ஆகவே இந்த ஆக்கங்கள் பிற குழுக்களுக்குப் பரவுவதைவிட ஒலிப்பதிவுகளின் வழியாகவே அதிகம் பரவுகின்றன. ‘ஙேஜுக் மெமெடி’ 2022இல் வெளிவந்த ‘சேஸிங் தி ஃபேன்டம்’ இசைத்தட்டில் இருக்கிறது. நேயர்கள் அதைக் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். பெரிய சேகண்டியின் அடியொலி அதில் அறவே கேட்காது. நன்றி, வணக்கம்.